ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு விரல்

பேருந்து நிறுத்தச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலம் முழுவதும் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சுமந்தவன் நான். ஆகவே அன்றும் நின்று எழுத்துக் கூட்டினேன். ‘ரெ’, ‘ஜி’, ‘னா’. அடுத்த சொல் ‘டீச்சர்’. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு சுவரொட்டியை முழுதாகப் படித்துவிட்ட மகிழ்ச்சி முதலில் வந்தது. என்ன படித்தேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. காய்ச்சல் என்று மகன் வீட்டுக்குப் போனவர் இறந்துவிட்டார்.

படத்துக்குக் கீழே ‘அமைதியே உருவானவர்’ என்று போட்டிருந்தது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். அப்படித்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் எத்தனை பேரை அவர் அமைதியாக விட்டார்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற மறுமாதமே ஊர்ச் சங்கத்தின் பழைய வலைக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு வைத்தார். மீன் விற்கும் பெண்கள் விற்று, சமைத்து, குளித்து முடிக்கும் நேரம் பகல் இரண்டு மணி. அதனால் வகுப்பும் இரண்டு மணிக்கு. கொட்டகைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்திரை மாதம் அதற்குள் உட்கார்ந்தால் தலையில் அடுப்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மரியம்மாள் ஒருநாள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“டீச்சர், கருவாடாக் காயணும்னா நான் வீட்டு முத்தத்துலயே காஞ்சிருப்பேன்லா.”

“உக்காருளா. வெயில் நம்ம வாத்தியார் இல்ல, அது சொன்னதும் வகுப்ப விடதுக்கு” என்றார் டீச்சர்.

அவருடைய தங்கை குளிர் நாடு ஒன்றில் நர்ஸ். அங்கே வீட்டுச் சுவரோரம் சூடு தரும் இரும்புப் பெட்டி ஒன்று உண்டாம். அதன் சூடு சுவர் வழியாக வெளியே ஓடிவிடாமல் இருக்க, பெட்டிக்குப் பின்னால் பளபளக்கும் தாள் வைப்பார்களாம். தங்கை போனில் சொன்னதை டீச்சர் பிடித்துக்கொண்டார். “அங்க சூட்ட வெளிய விடக்கூடாதுன்னு வைக்காங்க. நாம உள்ள விடக்கூடாதுன்னு வைப்போம். தாள் ஒண்ணுதான்” என்றார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கண்ணாடி போல மினுங்கும் தாள் ஒரு சுருள் வந்து சேர்ந்தது.

அதை அடிப்பதற்குச் சங்கத் தலைவர் ஆள் அனுப்பினார். தலைவர் ஐஸ் பெட்டி வைத்துப் படகு விடுகிறவர். மினுங்கும் பக்கம் மேலே பார்க்க வேண்டும், ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்று டீச்சர் சொன்னார். தலைவர் சிரித்தார்.

“ஐஸ் பெட்டியில சந்து விட்டா மீன் நாறிப் போவும் டீச்சர். எனக்கா சொல்லித் தாரீங்க?”

“இது பெட்டி இல்ல அண்ணாச்சி. தாள் ஷீட்டத் தொட்டா, ஷீட்டு கொதிக்கப்ப அதுவும் சேந்து கொதிக்கும்.”

ஆட்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்? கடற்கரையில் பிறந்த எவனுக்கும் கை தானாகவே இறுக்கித்தான் அடைக்கும். மினுங்கும் பக்கத்தில் பசை தடவி ஷீட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டுப் போனார்கள். கொட்டகை முன்பு போலவே வெந்தது. ‘டீச்சரோட ஜிகினாத் தாள் வேலைக்கு ஆவல’ என்று தலைவர் டீக்கடையில் சொன்னார். ஊரும் ஜிகினா டீச்சர் என்று பெயர் வைத்தது. இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பவர்களே, அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒட்டியது தப்பு. பெயர் மட்டும் அவருக்கு.

அடுத்த நாளே அவர் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். “ஒரே ஒரு பாடம் எங்ககூட உக்காருங்க அண்ணாச்சி. ரெண்டு மணிக்கு” என்றார். துறைமுகத்தில் வேலை கிடக்கிறது என்று தலைவர் வண்டியை எடுத்தார். “பெரியவங்களுக்கு எதுக்குப் படிப்புன்னு நெனைக்கவங்க, பெரியவங்களுக்கு எதுக்குச் சோறுன்னும் நெனைப்பாங்க” என்று தெருவே கேட்கச் சொன்னார் டீச்சர். இவர்தான் அமைதியே உருவானவர்.

பிறகு நாங்களே இறங்கினோம். வெயிலில் பசை இளகியிருந்ததால் தாள் பெரும்பாலும் கிழியாமல் உரிந்து வந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு டீச்சர் ஏணியில் ஏறினார். ஷீட்டுக்குக் கீழே மரச்சட்டங்களை வரிசையாக அடித்து, பசையைத் துடைத்துவிட்டு மினுங்கும் பக்கம் மேலே பார்க்க அவற்றின் மேல் தாளை விரித்தோம். சூடான காற்று வெளியேற இரண்டு ஓரமும் திறந்தே இருந்தன. இடைவெளி பார்க்க ஒரு கட்டையைச் செதுக்கினோம். அதற்கு அளவு மரியம்மாளின் இரண்டு விரல். “மீன் வெட்டுன வெரலு டீச்சர். தாள் நாறப் போவுது” என்றாள் அவள். மறுநாள் கொட்டகை குளுகுளுவென்று ஆகிவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தலையில் இருந்த அடுப்பை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். “இன்னைக்குத்தான் டீச்சர், நீங்க சொல்லது காதுல விழுது” என்றாள் மரியம்மாள்.

நான் படித்தது அந்தக் கூரையின் கீழேதான். ஒருநாள் பேருந்தின் பெயர்ப்பலகையை நானே படித்து ஏறி, திருநெல்வேலி போகும் வழியில் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் இறங்கி, அங்கே ஒரு வேலையும் இல்லாததால் அடுத்த வண்டியில் திரும்பினேன். அதைச் சொன்னபோது டீச்சர் வகுப்பையே நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அடுத்த தடவ திருநெல்வேலி வரைக்கும் படிங்க அண்ணாச்சி” என்றார்.

இப்போது கொட்டகைக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்களாம். நல்லது. சட்டங்கள் தொங்குவது பார்வையாக இல்லையாம். அவற்றைக் கழற்றிவிட்டு, தாளை ஷீட்டோடு சமமாக ஒட்டி, நடுவில் அவர் படத்தை மாட்டப்போகிறார்களாம். தலைவர் நேற்று இதை ஒரு மரியாதை என்று சொன்னார். டீச்சர் உயிரோடு இருந்து சண்டை போட்டுப் பெற்ற இரண்டு விரல் இடத்தை, அவர் பெயராலேயே அடைப்பது எந்த ஊர் மரியாதை? சித்திரை வந்தால் மரியம்மாள் சிலேட்டைக் கவிழ்ப்பாள். வகுப்பு கலையும். மினுங்கும் தாளுக்குக் கீழே டீச்சரின் படம் மட்டும் தனியாக வெந்துகொண்டிருக்கும்.

இதை நானே எழுதினேன். மெதுவாகத்தான் வந்தது. கோபம் எழுத்தைவிட வேகமாக ஓடுகிறது, அதைப் பிடித்துப் பிடித்து எழுத வேண்டியிருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபமும், அந்த அளவுக் கட்டையும். கட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. மீன் வாசம் இல்லை.

சட்டத்தைக் கழற்ற வருகிறவர்கள் பகல் இரண்டு மணிக்கு வரட்டும். நாங்கள் உள்ளே படித்துக்கொண்டிருப்போம்.