துரையின் தோட்டாவும் என் கல்யாணமும்

எங்கள் துரைக்கு நீண்ட விடுப்பு கிடைத்தது. சீமைக்குப் போகிற வழியில் ஆப்பிரிக்காவில் இறங்கி, அங்கே பண்ணை வைத்திருந்த தன் அண்ணனோடு இரண்டு மாதம் வேட்டையாடப் போவதாகச் சொன்னார். போகட்டும், நல்லபடியாகப் போய் வரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். எந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு போவது என்ற அவருடைய குழப்பம் என் கல்யாணத்தில் வந்து விடியும் என்று யார் கண்டது?

அப்போது நான் மலாயாவில் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரசராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் பத்துக் கட்டில், ஒரு மருந்தறை, எனக்கு ஒத்தாசையாக ஓர் ஆயா. மலேரியாவும் கால் புண்ணும் பிரசவமும் பார்த்தே பொழுது போய்விடும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆயா ஒருத்திதான் அதற்குப் பயப்படமாட்டாள்.

துரையின் சங்கடத்தை அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். ஆப்பிரிக்கச் சமவெளியில் ஒளிந்துபோய்க் கிட்டத்தில் சுட முடியாதாம். புல் மட்டும்தான், மரமே கிடையாது. இருநூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிற மிருகத்தைச் சுட வேண்டும். அதில் ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு மான் இருக்கும், பக்கத்திலேயே எருமைக் கனத்தில் இன்னொரு மான் நிற்கும், நடுவில் வரிக்குதிரை வரும். எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கிதான் கொண்டு போகலாம் என்று அண்ணன் கண்டிப்பாக எழுதிவிட்டாராம். கிளப்பில் ஆளுக்கொரு யோசனை சொல்லித் துரையின் தலையைச் சுற்ற வைத்தார்கள்.

அவரிடம் இரண்டு துப்பாக்கி இருந்தது. ஒன்று ஏழு மில்லிமீட்டர், சிறியது. இன்னொன்று நானூற்று நாலு என்கிற பெரிய ரகம், யானைக்கே போதும். மூன்றாவதாக, கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் முன்னூற்று எழுபத்தைந்து ஒன்றைப் பரீட்சை பார்க்கக் கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து ஜனங்கள் இந்த எண்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னது, பெரியது, நடுவுலது என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பரீட்சை எங்கள் காட்டுப்பன்றிகள் மேல்தான் நடந்தது. லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியையும் இளங்கன்றுகளையும் அவை உழுது தள்ளிக்கொண்டிருந்ததால், யாருக்கும் அதில் வருத்தமில்லை. கறியும் கிடைக்கும். வருத்தமெல்லாம் எனக்குத்தான். குண்டு எலும்பில் பட்டு உடைந்ததா, எவ்வளவு ஆழம் போனது, மிச்சம் எத்தனை எடை என்று துரை தெரிந்துகொள்ள வேண்டுமாம். குண்டின் எடை கிரெயின் கணக்கு. கொயினாப் பொடியை நான் நிறுக்கிற தராசும் அதே கிரெயின் கணக்கு. தோட்டத்தில் வேறெங்கும் அப்படியொரு தராசு கிடையாது. கத்தி பிடிக்கத் தெரிந்தவனும் நான்தான்.

"டிரசர், நீ வெட்டு. குண்டு எங்கே போச்சு, நீ பாரு" என்றார் துரை. அவர் தமிழ் லயத்தில் கற்றது. ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணியையே நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

எனக்கு வந்ததே கோபம். நாங்கள் பரம்பரைச் சைவம். முட்டை வேகிற வாசனை வந்தால்கூட என் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். மனுஷன் உடம்பில் கத்தி வைப்பது தொழில். பன்றி வயிற்றுக்குள் கைவிட்டு ஈயம் பொறுக்குவது எந்தத் தொழிலில் சேர்த்தி? பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். வேலை வேண்டுமே.

முதலில் சின்னது. கிழட்டு ஆண் பன்றிக்குத் தோளில் பலகை மாதிரி தோல் தடித்திருக்கும். குண்டு அதிலேயே சிதறிப்போய், பன்றி சதுப்புக்குள் ஓடி, ஆட்கள் சேற்றில் புரண்டு தேடி இழுத்து வந்தார்கள். நான் பொறுக்கியது துண்டும் துணுக்குமாக இருந்தது. தோள் கறி முழுக்க ரத்தம் கட்டிப் பாழ்.

"பாதிக் கறி போச்சுலா. இந்தத் துப்பாக்கி வேண்டாம்னு தொரகிட்ட சொல்லுங்க டிரசரையா" என்று லயத்துப் பெண்கள் என்னிடம் மனுக் கொடுத்தார்கள். நான் என்ன அவருக்கு மந்திரியா?

அடுத்து பெரியது. பால்மரங்களின் நேர் நிரைக்கு நடுவே மண்ணெண்ணெய் டின்னை வைத்து, தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தார். குண்டு டின்னைத் தொடாமல் முன்னாலேயே இறங்கி மண்ணைக் கிளப்பியது. கிட்டத்தில் பன்றியைச் சுட்டபோது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயே போய்விட்டது. நாலு பேர் மண்வெட்டியோடு தோண்டியும் அகப்படவில்லை. கறி கெடவில்லை என்று லயம் சந்தோஷப்பட்டது. துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் துரையின் தோள்தான் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. தைலம் தேய்த்துவிட்டது நான்தான். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை எடுத்தாலே விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொண்டார். சமவெளியில் அண்ணனுக்கு முன்னால் இப்படிக் கண்ணை மூடினால் மானம் கப்பலேறிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் எனக்குப் பெண் அமைந்தது. மலாக்கா டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். பெண் பார்க்கப் போனபோது பலகாரத் தட்டை வைத்தவள், நான் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கிய சிரிப்பில் நான் விழுந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று திரும்பி வரும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜவுளிக்கடைக்காரர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தார். மாப்பிள்ளை சுத்த சைவமாக இருக்க வேண்டும். "எஸ்டேட்ல இருக்கறவங்க நாளாக நாளாக எல்லாத்தையும் தின்னப் பழகிடுறாங்கன்னு கேள்வி. நானே நேர்ல வந்து வீட்டப் பாத்துட்டுத்தான் கை நனைப்பேன்" என்று சொல்லி அனுப்பினார். இதற்கு முன் எனக்கு வந்த ஒரு சம்பந்தம் இந்தச் சந்தேகத்திலேயே முறிந்திருந்தது. இதுவும் போனால் நான் தாங்கமாட்டேன் என்று இருந்தது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வருவதாக ஏற்பாடு. அன்று விடியற்காலையில் துரை நடுவுலதை எடுத்துக்கொண்டு லாலாங் புல்வெளிக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பன்றி வந்து இறங்கியது.

"இன்னிக்கி முடியாது தொர. பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"கப்பல் வருது டிரசர். சீக்கிரம் வெட்டு, நான் போறேன். பொண்ணு நல்லது?" என்று சிரித்தார். இந்த மனுஷனிடம் எப்படிக் கோபிப்பது?

வெட்டினேன். தோள் பலகையைத் துளைத்து, எலும்பை உடைத்து, நெஞ்சைக் கடந்து, மறுபக்கத்துத் தோலுக்கு உட்புறமாகக் குண்டு முட்டிக்கொண்டு நின்றது. முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. அலம்பித் தராசில் வைத்தேன். முன்னூறு கிரெயினில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. தூரத்து டின்னையும் அதற்கு முந்தின நாள்தான் நடுவில் துளைத்திருந்தார். அவர் தோளிலும் ஒரு காயமும் இல்லை.

"இதுதான். ஆப்பிரிக்காவுக்கு இதுதான்" என்று துரை என் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியை ஒட்டிய என் வீட்டு வாசலில் வாடகை மோட்டார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பஸ்ஸில் வந்து பத்து மணிக்கு மேல் இறங்க வேண்டியவர்கள், மோட்டார் பிடித்து எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள்.

ஜவுளிக்கடைக்காரரும் பெண்ணின் பெரியம்மாவும் பேச்சுக் குரல் கேட்டு நேராகப் பின்கட்டுக்கே வந்தார்கள். நான் முழங்கை வரை ரத்தத்தோடு நின்றேன். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூணைப் பார்த்தார்.

துரை உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார். "வா, வா. நீ பொண்ணு அப்பன்? டிரசர் ரொம்ப நல்லா வெட்டுறான். நீ பாரு" என்று அந்தக் குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய மனுஷர், கையைச் சுருக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றார்.

அதோடு விட்டதா? பன்றியைப் பங்கு போடுகிறவர், காட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர். குண்டு எடுத்துக் கொடுக்கிற எனக்கும் வழக்கப்படி ஒரு பங்கு வைப்பார். மற்ற நாளில் அதை ஆயா வாங்கிக்கொண்டு போவாள், அவளுக்கு நாலு பிள்ளைகள். அன்று சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மண்டோருக்குத் தோன்றிவிட்டது. நல்ல தொடைக் கறியாகப் பார்த்து வாழையிலையில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"டிரசரையா, உங்க பங்கு. எப்பவும் போல இல்ல, இன்னிக்கி உங்களுக்குப் பெருசா வச்சிருக்கேன்" என்றார், லயத்துக்கே கேட்கும்படி.

ஜவுளிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். எப்பவும் போல என்ற சொல் அவர் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், அந்தப் பெண் போனாள் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து ஆயா விடுவிடு என்று வந்து, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் இலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவருகிட்ட ஏன்யா நீட்டுற? ஒனக்கு அறிவிருக்கா? மொதப் பன்னி வெட்டுன அன்னிக்கே கெணத்தடியில கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துட்டு, காய்ச்சல்னு பொய் சொல்லி ரெண்டு நாளு கொயினா குடிச்ச மனுசன் அவரு. இத இப்ப மோந்து பாத்தார்னா அந்த அம்மா சேலையிலயே எடுத்துருவாரு."

உங்களிடம்கூட நான் இதைச் சொல்லாமல்தான் வந்தேன். பத்துக் கட்டிலுக்கு அதிகாரி, பன்றியைப் பார்த்து வாந்தி எடுத்தான் என்றால் யார் மதிப்பார்கள்? ஆயாவைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. முகமெல்லாம் சூடு பரவியது. மண்டோர் வாயைப் பொத்திக்கொண்டார். துரைக்கு எவ்வளவு புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.

மூக்கைப் பொத்தியிருந்த முந்தானைக்குள்ளிருந்து பெரியம்மாவின் சிரிப்பும் வந்தது. பெண்ணின் சிரிப்பு இவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஜவுளிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நெசந்தானா தம்பி?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் உள்ளங்கையிலிருந்த குண்டைத் துரையிடம் கொடுத்தார்.

"சோப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க மாப்ள. நானும் கை கழுவணும்" என்றார்.