"அப்பா, கம்பெனி": திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஆங்கில வகுப்பு

பொங்கல் லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்கிறவர்களிடம் "திருத்துறைப்பூண்டிப் பக்கம், கொரியப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க" என்றால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது போல முகத்தையே பார்க்கிறார்கள். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன். இப்படி ஒரு ஊழியப் பயணம் போக நினைக்கும் குடும்பங்களுக்கு உதவலாம்.

சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கொரியக் குடும்பங்கள் ஞாயிறு மதியம் எங்கள் சபைக் கட்டடத்தில்தான் ஆராதனை நடத்துகிறார்கள். புதிதாக வந்த அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் வராமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் ஆங்கில டீச்சர். ஒரு வாரம் எங்காவது கூட்டிக்கொண்டுபோய்ப் பேசவைக்க முடியுமா என்று கேட்டார்கள். டெல்டாவில் சின்னதாக ஒரு சபை நடத்தும் போதகர் தானியேல் இடம் தருவதாகச் சொன்னார். என் கணவர் ஸ்டீபன் உடனே சரி என்றார். பதினாறு வயது மகள் ரூத் மட்டும், "ஏசி வீட்ல இருக்கிறவங்களக் கொசுக்கடிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு ஊழியமாம்மா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் டிக்கெட் போட்டேன்.

எழும்பூரில் இரவு ரயில், தஞ்சாவூரில் விடியற்காலை. பதினொரு பிள்ளைகளும் நாங்களும் ஒரு வேனில் அடங்கினோம். மன்னார்குடி வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், வாடகை 4,500 ரூபாய். பேரம் பேசினால் கொஞ்சம் குறையும். ஸ்டீபனுக்குப் பேரம் பேச வராது.

"வேளாங்கண்ணிக்குத்தானே சார்?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க. திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு கிராமம்."

"ஜப்பான்காரங்களக் கூட்டிக்கிட்டு அங்க என்ன சார் பாக்கப் போறீங்க?"

"ஜப்பான் இல்லைங்க, கொரியா."

"எந்த ஊரா இருந்தா என்ன சார், பசிக்குமில்ல?" என்று ஒரு நல்ல மெஸ்ஸில் நிறுத்தினார். பிள்ளைகள் வெண்பொங்கலை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். மன்னார்குடிக்குப் பிறகு சாலையின் இரண்டு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. சில இடங்களில் மட்டும் வயல் நடுவே கம்பிவேலி போட்ட சிமென்ட் மேடை, அதன்மேல் இரும்புக் குழாய். பூமிக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் தேடுகிறார்கள் என்று டிரைவர் சொன்னார். எல்லாச் சுவரிலும் கட்சிச் சின்னம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் "எங்கள் நிலத்தைத் தொடாதே" என்று தாரில் எழுதியிருந்தது.

ஊராட்சியின் சமுதாயக் கூடத்தைப் போதகர் எங்களுக்காகக் கேட்டு வாங்கியிருந்தார். முதல் மூன்று நாள் வகுப்பு அமர்க்களமாகப் போனது. அப்பாவுக்குக் கொரிய மொழியிலும் அப்பாதான். புல்லுக்கும் கிட்டத்தட்ட புல்தான். 'வா' என்றால் அங்கேயும் வா. பெரியவர்களிடம் அப்படிச் சொன்னால் அடி விழுமாம், இங்கே மாதிரியே. பிரதமருக்கும் நாய்க்குட்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'கம்' தான் என்றதும் பிள்ளைகள் நம்பவேயில்லை. ஜியூ என்ற பதினான்கு வயதுப் பெண் மட்டும் எதற்கும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

நான்காம் நாள் எனக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. வகுப்பறை ஆங்கிலம் போதும், ஊருக்குள் போய் ஐந்து கேள்வி கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் எழுதிவரட்டும் என்று நினைத்தேன். பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் பயிற்சிதான். உங்களுக்கு எவ்வளவு நிலம்? யார் பெயரில் இருக்கிறது? என்ன பயிர்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நிலத்தை விற்பீர்களா? கேள்விகளைத் தமிழில் சொல்ல ரூத் பழக்கிவிட்டாள். பிள்ளைகள் கேள்வி அட்டையும் பேனாவுமாகத் தெருத்தெருவாகக் கிளம்பினார்கள்.

மின்ஜுன் என்ற பையன் போய் நின்றது மாரியம்மாள் வீட்டு வாசலில். ஐம்பதைத் தாண்டியவர், விவசாயிகள் சங்கத்தில் முன்னால் நிற்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். மூன்று ஏக்கர், அவர்கள் கணக்கில் ஒன்பது மா நிலம், இவர் காலத்தில்தான் சொந்தமாகியிருக்கிறது. பையன் ஐந்து கேள்வியையும் ஒப்பித்துவிட்டான். "நீ யாரு தம்பி, ஒங்கப்பா என்ன பண்றாரு?" என்றார் மாரியம்மாள். அதில் அவனுக்கு அப்பா மட்டும் புரிந்தது. ஒரே சந்தோஷத்தில், "அப்பா, கம்பெனி" என்றான்.

அந்த ஊரில் கம்பெனி என்றால் ஒரே கம்பெனிதான். குழாய் இறக்குகிற கம்பெனி.

அரை மணி நேரத்தில் ஊர்க்காரர்கள் அட்டைகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் போதகர் வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். போதகர் வாசலில் நின்றிருந்தார்.

"நீங்க ஞாயித்துக்கிழம கிளம்பிடுவீங்க சிஸ்டர். நான் இங்கதான் இருக்கணும். காசு வாங்கிட்டு சர்வேக்கு ஆள் கூட்டியாந்தவன்னு பேராச்சுன்னா, யாரும் என் வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

பதினொரு வருடமாக அந்த ஊரில் இருக்கிறார். அதை நான் ஒரே பயிற்சியில் கெடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கூடத்துக்கு முன்னால் ஊரே நின்றது. பிள்ளைகளையும் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தோம். கேள்விகளை எழுதியது நான்தான், போதகருக்கு எதுவும் தெரியாது என்றேன். மின்ஜுனின் அப்பா வேலை பார்ப்பது கார் கம்பெனியில் என்று ஸ்டீபன் விளக்கினார். "கார் கம்பெனிய மட்டும் என்ன ஆகாசத்துலயா கட்டுனாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மாரியம்மாள் கையில் மின்ஜுனின் அட்டை இருந்தது. "நீங்க பேசாதீங்க டீச்சரம்மா. எங்கள அஞ்சு கேள்வி கேட்டாங்கல்ல, அதே கேள்விய நாங்க கேக்கிறோம். புள்ளைங்களே பதில் சொல்லட்டும். ஒங்க பொண்ணு மட்டும் மாத்திச் சொன்னா போதும்."

ரூத் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு எவ்வளவு நிலம்?"

மின்ஜுன் ஆங்கிலத்தில் இல்லை என்றான். அடுத்தவள் இல்லை என்றாள். ஒவ்வொருவராக எழுந்து நிலம் இல்லை, நிலம் இல்லை என்றார்கள். தங்கள் வீடு பதினெட்டாவது மாடியில் இருப்பதாகவும் கீழே உள்ள மண் யாருடையது என்று தெரியாது என்றும் ஒருவன் சொன்னான். ரூத் அதைத் தமிழில் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு.

"ஒரு குழிகூடவா இல்ல?" என்றார் மாரியம்மாள். குழி என்பது ஒரு சின்ன அறை அளவு இடம்.

"இல்லையாம்மா."

"அப்ப சோத்துக்கு நெல்லு?"

"கடையிலதான் அரிசியா வாங்குவாங்களாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் நிலமில்லாமல் இருப்பது என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "பாவம்டி," என்றாள் ஒருத்தி.

கடைசியாக ஜியூ. அவள் எழுந்திருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எழுந்தாள். அந்த நான்கு நாளில் முதல்முறையாக ஆங்கிலத்தில் பேசினாள். இலக்கணம் எல்லாம் சிதறியிருந்தது. ஆனாலும் எல்லாம் புரிந்தது. தன் தாத்தாவுக்கு நெல் வயல் இருந்தது, பெரிய சாலை போட எடுத்துக்கொண்டார்கள் என்றாள்.

"அவரு குடுத்தாரா, எடுத்துக்கிட்டாங்களா?" என்று மாரியம்மாள் கேட்டார். ரூத் மாற்றிச் சொன்னாள்.

எடுத்துக்கொண்டார்கள் என்றாள் ஜியூ.

"இப்ப என்ன பண்றாரு?"

ஜியூ வார்த்தை தேடினாள். பிறகு சொன்னாள். ரூத் அதைத் தமிழாக்கினாள்: "தெனமும் காலையில போயி, அந்த ரோட்டப் பாத்துட்டு வருவாராம்."

மாரியம்மாள் அந்த அட்டையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "கூடத்தத் தொறந்து விடுங்கப்பா. புள்ளைங்க பனியில உக்காந்திருக்குதுங்க," என்றார். பிறகு போதகரிடம், "ஏன் ஃபாதர், முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அவர் ஃபாதர் இல்லை, பாஸ்டர். அன்றைக்குத் திருத்த அவருக்கு மனமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீதி நாள்கள் வகுப்பு வரப்பில்தான் நடந்தது. அறுவடைக்கு இறங்கிய பெண்கள் ஆங்கிலத்தில் கதிர் என்ன, களம் என்ன என்று கேட்டு எங்கள் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஜியூ பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இனி இவளை அடக்கத்தான் ஆள் தேட வேண்டும் என்றாள் ரூத்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை மாதம்தான் சரியான காலம். ஆனாலும் கொசுவலை கட்டாயம். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ் உண்டு, நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கினால் வேளாங்கண்ணி போய்வரலாம், நாற்பது கிலோமீட்டர்தான். சொல்லிக்கொடுக்கப் போகும் பாடத்தை முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். ஜெபம் செய்துவிட்டுப் போவது நல்லது, விசாரித்துவிட்டுப் போவது அதைவிட நல்லது என்று என் மகள் சொல்கிறாள். கர்த்தரும் அதை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

போதகர் இப்போது மாரியம்மாளைக் கேட்டுவிட்டுத்தான் வெளியாட்களை அழைக்கிறாராம். அடுத்த பொங்கலுக்கும் வரலாமா என்று கேட்க, போன வாரம் நானே அவருக்குப் போன் செய்தேன். வருவது பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணோட தாத்தா," என்றார், "இன்னும் ரோட்டப் பாக்கப் போறாரா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.