மணலில் எழுதிய வகுப்பு

பேத்தி ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கியதும் எனக்கு ராயபுரம் கடற்கரைப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்குச் சிலேட்டு கிடையாது; கரை மணலைப் பாவாடை மடியில் அள்ளிவந்து, சலித்து, தரையில் பரப்பி, விரல் தேயத் தேய எழுதுவோம். ஒருநாள், காந்தத்தில் இரும்புதான் ஒட்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் கையிலிருந்த காந்தம் நழுவி அந்த மணலில் விழுந்தது. எடுத்தால் அதற்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது.

"அப்போ மண்ணுல இரும்பு கீது டீச்சர்," என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, கீது," என்றார்.

அந்தக் கரையைக் கல் கொட்டி மூடிவிட்டார்கள். மூடட்டும். நான் எழுதிய முதல் 'அ'வில் இரும்பு இருந்தது.