மாகறல் அம்பாசடர் பிறந்த வருஷம்

பழைய கார் பார்ட்ஸ் வியாபாரத்தில் விற்பது கூடச் சுலபம், அந்தப் பார்ட் எப்போது பிறந்தது என்று சொல்வதுதான் வம்பு. கடை போட்டு உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்கும் என்னைப் போன்றவர்களே, உங்களுக்குப் புரியும்.

உத்திரமேரூரில் எங்கள் கடை. வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் ஓடாத கார்களை வாங்கிப் பிரித்துக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது என் தலையெழுத்து. தேய்த்தால் தேதி தெரியும். இரும்பை உருக்கி வார்க்கும்போதே அச்சிலிருந்து மாதமும் வருஷமும் புடைத்துக்கொண்டு வந்துவிடும். சில பட்டறைக்காரர்கள் மாதத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் போடுவார்கள். தேய்த்துத் தேய்த்தே படிக்கக் கற்றுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு தேய்த்திருக்கலாம். யாரோ ஒருவரிடம் படித்துக் காட்டித் தொலைத்தேன், அன்றோடு நிம்மதி போச்சு.

மாசப் பொருத்தம்

சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வருவார். பழைய கார்ப் பைத்தியம். பார்ட்டின் தேதி, வண்டி வெளியே வந்த தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது பிற்பாடு யாரோ மாற்றிப் போட்டது என்று அர்த்தம். கண்காட்சியில் மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம்.

ஒரு சிலிண்டர் ஹெட்டைக் காட்டினேன். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். வார்த்தது மே மாதம். அவர் வண்டி வந்ததோ அதே வருஷம் ஏப்ரல். மனிதர் முகம் தொங்கிவிட்டது. "அருமையா ஓடும் சார்" என்றேன். ஓடுவதா அவருக்கு முக்கியம்? பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்திருக்கிற மாதிரி எழுந்தார். "மனசுக்குப் பிடிச்சிருக்கும்மா, மாசம்தான் பொருந்தல."

தோசைக்கல்

விஷயம் பரவி, இரும்பு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வர ஆரம்பித்தார்கள். பம்புசெட்டு வந்தது, தையல் மெஷின் வந்தது. திருமுக்கூடலிலிருந்து ஒரு பெண் பழைய துணியில் தோசைக்கல்லைச் சுற்றி எடுத்து வந்தாள். மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்த கல்லாம். அதனால் மருமகள் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டமாம்.

திருப்பிப் போட்டுக் கரியைச் சுரண்டினேன். பட்டறைக்காரன் தன் செல்போன் நம்பரையே வார்த்து வைத்திருந்தான், பத்து இலக்கமும் பளிச்சென்று. அவள் சிரிக்கவே இல்லை. கல்லைப் பத்திரமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "எங்க மாமியாவோட மாமியா அப்பவே செல்லு வெச்சிக்கினு இருந்திருக்குது, நமக்குத்தான் தெரியல."

சீர் வண்டி

மாகறல் சரோஜாம்மா வந்தபோது நான் இன்னும் அந்தத் தோசைக்கல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா சிரிக்கிற நிலைமையில் இல்லை. எண்பத்தைந்தில் அவருக்குக் கல்யாணம். அவருடைய அப்பா நிலத்தில் ஒரு துண்டை விற்று, மாப்பிள்ளைக்குப் புது அம்பாசடர் சீராகக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷத்திலிருந்தே வண்டி நின்ற இடமெல்லாம் மானம் போனது. வண்டி நின்றால் போதும், கணவர் முனிரத்தினம் ஆரம்பித்துவிடுவாராம், உங்கப்பன் பழைய வண்டிக்குப் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டிவிட்டான் என்று. கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் இன்றுவரை அதே பாட்டு.

"புதுசுதாம்மா குடுத்தேன்னு எங்க நைனா சாகறப்ப கூட சொன்னாரு. சரி நைனான்னு தலைய ஆட்னேன். ஆனா நான் நம்பலம்மா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. கம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். தேதி பார்க்க வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க நைனா பொய்யி சொன்னாரா இல்லியா, அது மட்டும் சொல்லு, போதும்."

எஞ்சின் மட்டும்

மறுநாள் முனிரத்தினமே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். சும்மா வருகிறவர்கள் பழத்தோடு வருவதில்லை.

நீ தேதி பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, உண்மை தெரிந்தால் நல்லதுதான் என்று பெரிய மனுஷனாகப் பேசினார். கிளம்புகிற மாதிரி செருப்பை மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் வந்த விஷயம் வெளியே வந்தது. "எஞ்சின மட்டும் பாரும்மா. மத்ததெல்லாம் ஒரே துரு, கைய கிய்ய கிய்ச்சிக்கினா பேஜாராப் பூடும்."

பொட்டு வைத்த இடம்

மாகறலில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது அம்பாசடர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எஞ்சினுக்குப் பொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. பொட்டு வைக்க வாகாகத் தட்டையாக இருக்கும் இடம் பார்த்து வைப்பார்கள். இந்த வீட்டில் அது தேதியின் மேலேயே விழுந்திருந்தது. சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஏறி அடையாக இறுகிக் கிடந்தன. சாமியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.

எழுபத்தாறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். எழுபத்தாறேதான். சொல்ல எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் சொன்னேன். சரோஜாம்மா அப்படியே தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார். "நான் இன்னா சொன்னேன்? போ சரோஜா, காபி போடு, அந்தப் பொண்ணுக்கு சக்கர தூக்கலா."

மற்றதெல்லாம்

எனக்கு ஒரு கெட்ட குணம். பார்க்காதே என்றால் பார்த்தே தீருவேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸைத் தேய்த்தேன், எண்பத்தைந்து. பின் அச்சின் கூடு, எண்பத்தைந்து. ஸ்டியரிங் பாக்ஸும் அதே வருஷம். வண்டி முழுக்கக் கல்யாண வருஷத்துச் சரக்கு, எஞ்சின் மட்டும் அதற்கு அண்ணன். அப்படியென்றால் வண்டி புதிதாகத்தான் வந்திருக்கிறது, எஞ்சினைப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தபோது, முனிரத்தினம் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாருய்யா மாத்னது?" என்றார் சரோஜாம்மா, மெதுவாக. இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு அந்தம்மா தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம், இவர் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு செய்யாற்று வெள்ளத்தில் வண்டியை விட்டிருக்கிறார். எஞ்சினுக்குள் தண்ணீர் போய், உள்ளே உடைந்த ராடு, பிளாக் என்கிற எஞ்சின் கூட்டையே பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாமனாருக்குப் பயந்து, ஒரு ஓட்டை டாக்ஸியின் எஞ்சினை ரகசியமாக மாட்டியிருக்கிறார். "அப்பறம் ஏன்யா எங்க நைனா மேல பழிய போட்ட?" என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். "வண்டி நின்னப்ப நீ ஏன்னு கேட்ட, வாயில வந்தத சொல்ட்டேன். அப்பால மாத்திச் சொல்ல முடில."

தெவசம்

சரோஜாம்மா கத்தவில்லை, அழவில்லை. எனக்கு மட்டும் காபி கொண்டுவந்தார். அடுத்த மாதம் அவர் அப்பாவின் தெவசத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனேன், விடுவேனா? தம்பிகள், நாத்தனார்கள், அக்கம்பக்கம் என்று கூடம் நிறைய ஆள். படையலுக்கு முன்னால் சரோஜாம்மா கண்ணைக் காட்ட, முனிரத்தினம் மாமனார் படத்துக்கு எதிரே நின்று, ஆற்றிலிருந்து டாக்ஸி எஞ்சின் வரை ஒன்று விடாமல் சொன்னார். மாமனார் புது வண்டிதான் கொடுத்தார் என்று முடிக்கும்போது அவர் குரலும் கொஞ்சம் தடுமாறியது. அந்த நேரம் எனக்கே பாவமாகப் போய்விட்டது.

சரோஜாம்மாவுக்குப் பாவமாக இல்லை. கற்பூரத்தை ஏற்றினார், படத்தில் சாய்ந்திருந்த மாலையைச் சரிசெய்தார், அப்பாவிடம் நேராகச் சொன்னார். "வண்டி ஒரிஜினல்தான் நைனா. நீ பாத்து வெச்ச மாப்பிளதான் டூப்ளிகேட்டு."

இரும்பின் வயசைச் சொல்வது மட்டுமே என் பொறுப்பு, அதற்கப்புறம் வீட்டில் யாருக்குச் சோறு கிடைக்கவில்லை என்றாலும் என்னிடம் வந்து நிற்கக்கூடாது என்று கடை வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டலாமா என்று பார்க்கிறேன்.