சண்டைப் படங்களும் காலி டிரம்களும்

நான் பார்த்த சண்டைப் படங்களின் கேசட்டுகளை வரிசையாக அடுக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் போகும். அதில் ஒன்றைக்கூட நானாக ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. எல்லாம் கட்டிக்கொண்டவருக்காகப் பார்த்தது. அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு உரிமை உண்டு.

எல்லாப் படமும் ஒரே படம்தான். கதாநாயகனின் தங்கை முதல் பாதியில் தாவணியைப் பறக்கவிட்டு ஓடி விளையாடுவாள். அவளுக்குப் போதாத காலம் என்று அப்போதே தெரிந்துவிடும். வில்லனின் ஆட்கள் இருபது பேர் நின்றாலும் ஒவ்வொருவராகத்தான் அடிவாங்க வருவார்கள். எங்கள் ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை. தோளில் குண்டு பட்டவன் அதே தோளால் கதவை உடைப்பான். கடைசியில் ஒரு கோடவுன் வரும். என்ன வியாபாரத்துக்கென்று யாருக்கும் தெரியாது, டிரம்மும் அட்டைப்பெட்டியும் மூட்டையும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் வரும். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் போலீசிலும் பட்டாளத்திலும் இருந்தார்கள். அவர்களே இதைக் கைதட்டித்தான் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது டிவியில் வருகிற சிரிப்பு நாடகம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. வாரத்தில் ஒரு சாயங்காலம், அரை மணி நேரம். ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு கதவு, அவ்வளவுதான் செலவு. அந்தக் கதவு வழியாக மாமனார் வருவார், பிறகு மேனேஜர் வருவார், பொய் சொல்லி லீவு போட்டவன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். எல்லோரும் மெட்ராஸ் பேச்சுப் பேசுவார்கள். பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால் அவளுக்குப் புடவை ஆசை இருக்க வேண்டும், மூளை இருக்கக் கூடாது. அதில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரத்தில் யாருக்கும் அடிபடாது. நாள் முழுக்க ஓய்ந்த உடம்புக்கு அதுவே பெரிசு. நான் சிரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அவர் குறட்டை விடுவார்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீடு, அங்கிருந்து தினமும் பஸ். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கூடவே நாலு கேசட். மூன்று சண்டைப் படம், எனக்காக ஒரு குடும்பப் படம். குடும்பப் படம் எப்போதும் கடைசியில்தான் ஓடும், நான் அடுப்படியில் நிற்கிற நேரமாகப் பார்த்து.

சரி, சண்டையையாவது சண்டையாகப் பார்ப்பாரா? அதுவும் இல்லை. மில்லில் இருபது வருஷம் எண்ணெய் டிரம்மோடும் இரும்போடும் மல்லுக்கட்டியவர். கதாநாயகன் டிரம்மை எட்டி உதைத்தால் போதும், "காலி!" என்று கத்துவார்.

"ஏட்டி, சத்தத்தைக் கேட்டியா? எண்ணெய் நெறஞ்ச டிரம்மு டங்குங்காது. மொத்துனு விழும். அம்புட்டும் காலி."

"காலியாவே இருந்துட்டுப் போவுது. செத்த நேரம் படத்தைப் பாக்க விடுங்க."

"அந்தா, மூட்டையத் தூக்குதான் பாரு. கழுத்துல ஒரு நரம்பு பொடைக்கலை. உள்ள வைக்கோலு."

குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு மனுஷன் வாடகை கொடுத்துப் படம் எடுப்பானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கோ அதைவிடச் சந்தோஷம் உலகத்தில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மில்லிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் வைத்த கை எழும்பவில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மதுரையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது கையும் காலும் பேச்சும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். "எந்த அளவுக்குப் புரியுதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பேசினேன். ஆறு மாதம் ஓயாமல் பேசினேன். பசிக்கிறதா என்று கேட்டாலும் ஒரே பார்வை, மழை வருகிறது என்று சொன்னாலும் அதே பார்வை. எத்தனை நாள் ஒருத்தி சுவரோடு பேச முடியும்? நிறுத்திவிட்டேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு அவருக்கு மேலே பேசினார்கள். "அவுகளுக்கு என்ன தெரியப் போவுது" என்பார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. அவருக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா? தெரிந்தால், நான் துடைப்பதும் புரட்டிப் போடுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவருக்காக. தெரியாவிட்டால் யாருக்காக? ஒவ்வொரு நாளும் அவர் வாயைத் துடைக்கும்போது கண்ணைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. துணியை அலசப் போய்விடுவேன்.

அதற்குள் கேபிள் வந்துவிட்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கேபிள்காரர் தன் டெக்கிலிருந்து ஒரு படம் போடுவார், பெரும்பாலும் சண்டைதான். சிரிப்பு நாடகமும் இப்போது தினமும் வந்தது. நான் சிரிப்பதற்கு முன்னாலேயே டிவியே சிரித்துவிடும். எனக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. டிவியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு மாற்றியிருந்தேன். அவருக்காக என்று சொன்னேனே தவிர, வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்றுதான்.

அப்படி ஒரு மத்தியானம், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். படத்தில் கோடவுன் வந்துவிட்டது. கதாநாயகன் டிரம் வரிசையை உதைத்தான். தற்செயலாகக் கட்டில் பக்கம் திரும்பினேன். போர்வைக்கு வெளியே அவருடைய இடது கை மெல்ல எழும்பியது. விரல்களை விரித்து, இல்லை என்பதுபோல ஒரு திருப்புத் திருப்பினார்.

ஈயை ஓட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்து ஒருவன் தலைக்குமேல் மூட்டையைத் தூக்கினான். கை மறுபடியும் எழுந்து விரிந்தது. கீரையை வைத்துவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு லாரி வந்து நிஜச் சுவரில் மோதி, நிஜச் செங்கல் சரிந்தது. கை அசையவில்லை. பிறகு இன்னொரு டிரம் உருண்டது. கை விரிந்தது.

"காலியா?" என்றேன்.

என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பதில். அழுதேன், சிரித்தேன், அவர் காலைப் பிடித்து ஆட்டினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்போல இருந்தது. வத்திராயிருப்பில் இருக்கிற அக்காவுக்குத் தெருமுனை பூத்திலிருந்து போன் போடலாம் என்று எழுந்து ஒரு காலில் செருப்பை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா பார்க்க வந்திருந்தாள். இதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் கஞ்சி டம்ளரோடு, நான் அவளிடம் சொன்னேன்: "என்னால ஏலலைக்கா. இப்படிக் கெடக்கதுக்குப் போய்ச் சேந்துட்டா அவியளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." அக்கா பதறிப்போய், "மெல்லப் பேசுட்டி" என்றாள். "அவியளுக்கு என்னக்கா கேக்கப் போவுது" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அன்னைக்கு அக்காகிட்ட நான் ஒண்ணு சொன்னேனே. அது உங்க காதுல விழுந்துச்சா?"

ஆமாம் என்று தலையை அசைத்தார். சின்ன அசைவுதான், சந்தேகப்பட இடமில்லை.

"அலுப்புல சொல்லிட்டேங்க. மனசாரச் சொல்லலை" என்றேன். அது பொய். அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன். அந்தப் பொய்யும் அவருக்குப் புரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

இடது கையைத் தூக்கினார். அடிக்கப் போகிறாரோ, கண்ணைத் துடைக்கப் போகிறாரோ என்று நான் குனிந்து முகத்தைக் கொடுத்தேன். கை என் கன்னம் வரை வந்து, தொடாமல், பக்கவாட்டில் இரண்டு தரம் ஆடியது. தள்ளிப்போ என்கிறார். நான் டிவியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் சண்டை முடிந்திருக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தேன்.