மகளின் கலியாணத்தில் பிலோமினா அக்கா கலக்காத கொக்டெயில்

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் ஜெனிற்றாதான் தொலைபேசியில் சொன்னாள். அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "அக்கா, கோயில்ல அடக்கப் பூசையில கதைச்சால் மம்மி ஹோட்டல்ல வேலை செய்தவ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். கோயிலில் நான் வாயே திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன். மொன்ட்ரியால் டவுன்டவுன் ஹோட்டல் பாரில் என் பக்கத்தில் நின்று மது கலந்தவர் அவர்.

மணமக்களுக்கென்று தனியாக ஒரு கொக்டெயில் வைக்கும் ஆசை வந்ததும் இந்த ஊர்த் தமிழர் நீங்கள் எல்லோரும் அவரைத்தானே தேடிப் போனீர்கள்? நீல நிறத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு மாப்பிள்ளையிடம், "கண்ணாடி துடைக்கிற தண்ணியும் நீலம்தான் தம்பி, ஊத்தட்டோ?" என்று கேட்டார். அந்த வாய்க்குப் பயந்தே பலர் அவர் கொடுத்ததைக் குடித்தார்கள்.

ஜெனிற்றாவின் கலியாணத்துக்கு அவர் மாதக்கணக்கில் கலந்து பார்த்தார். நெல்லிச்சாறு, தென்னஞ்சாராயம், அப்போதே பிழிந்த எலுமிச்சை, எங்கள் தேசிப்புளி. "முதல் மிடறு புளிக்க வேணும், இனிப்பு பேந்து வரவேணும். மாப்பிள்ளையும் அப்பிடித்தானே" என்று சிரித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் டொரோண்டோக்காரர். தன் தாய் ஹோட்டலில் கணக்கு எழுதுகிறார் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள் மகள். "அண்டைக்கு மட்டும் பார்ப் பக்கம் போகாதேங்கோ மம்மி" என்றாள். எனக்கும் அதே கட்டளை. அக்காவின் கலவை முறையை எழுதி வாங்கிக் கேட்டரிங் ஆட்களிடம் கொடுத்துவிட்டாள்.

கலியாணத்தன்று மொன்ட்ரியால்-நோர் பகுதி மண்டபத்தில் அக்கா பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார். கொக்டெயில் கிளாஸ்களோடு முதல் தட்டு வந்தது. நிறத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது: கேட்டரிங் ஆட்கள் தேசிக்காய் பிழியாமல் போத்தல் சாற்றை ஊற்றியிருக்கிறார்கள். பாதி எழுந்தார். மணமேடையிலிருந்து மகள் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டார்.

மணமக்கள் அக்காவின் மேசைக்கு வந்தபோது, "நல்லா இருக்கே, ஆர் கலந்தது?" என்று ஜெனிற்றாவின் மாமியார் கேட்டார்.

"கேட்டரிங் ஆக்கள், மாமி" என்றாள் ஜெனிற்றா, தாயின் முகத்துக்கு நேரே.

அக்கா கிளாஸை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கலியாண டிவிடியில் அது இருக்கிறது. மண்டபத்தில் இருந்த உங்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். கிளாஸைக் காலி செய்துவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டினீர்கள்.

அடுத்த முறை வேலைக்கு வந்தபோது சொன்னார்: "பிள்ளை நல்லா இருக்கட்டும். ஆனா இனி என்ர கையால அவளுக்கு ஒண்டும் ஊத்திக் குடுக்க மாட்டன். அவள் ஊத்தித் தாறதையும் குடிக்க மாட்டன்." கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். சொன்னபடியே நடந்தார்; மகள் பேரப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாலும், "குசினியில தேத்தண்ணி இருக்கு, ஊத்திக் குடி" என்பதோடு சரி.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் தண்ணீர் கேட்டார். ஜெனிற்றா கிளாஸை வாயருகே கொண்டுபோனாள். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர் உம்மட கையால தாரும்" என்றார். மகள் அழுதபடி விலகி நின்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி, அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றிக் கொடுத்தேன். அக்கா குடித்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் ஜெனிற்றாவுக்குப் பங்கு கொடுக்க மாட்டேன்.