குழாய்ப்பல்லி திரும்பி வரவேண்டிய தூரம்

சால்டரிங் அயர்னும் கையுமாக அவளைப் பார்க்காத நாளே கிடையாது என்பதால் பட்டறையில் அவளுக்கு "சால்டரக்கா" என்றே பேர் நிலைத்துவிட்டது. அவளுடைய தம்பி கழிவுநீர்க் குழாய்களுக்குள் தவழ்ந்துபோய் அடைப்பெடுக்கிறவன். அவன் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பது பொறுக்காமல்தான், குழாய்க்குள் ஊர்ந்து அடைப்பை இடித்துத் தள்ளுகிற சின்ன ரோபோ ஒன்றைச் செய்ய ஆரம்பித்தாள். தம்பியின் கூட்டாளிகள் அதற்குக் குழாய்ப்பல்லி என்று பேர் வைத்தார்கள்.

பேட்டரி வைத்தால் சார்ஜ் ஏற அரை நாள் ஆனது. அதனால், சட்டென்று சார்ஜை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) வரிசையாகக் கோத்தாள். ஏதாவது ஒன்று மட்டும் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் மின்சுற்றும் வைத்தாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறியது. பட்டறைத் தரையில் பல்லி ஓடோடிப் போய்த் திரும்பியது.

ஆனால் உண்மையான குழாய்க்குள் இறக்கிய முதல் நாளே நடுவழியில் நின்றுவிட்டது.

காரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது. பேட்டரி கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே வோல்டேஜில் தாக்குப்பிடிக்கும். மின்தேக்கி அப்படியில்லை, செலவாகச் செலவாக இறங்கிக்கொண்டே போகும். சேற்றில் சக்கரம் திணறியதும் மோட்டாருக்குப் போதாமல் போய்விட்டது. இதை அவள் தம்பியை வேலைக்கு அழைத்துவரும் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாண்டா. கிடந்தா கிடக்கட்டும், வேற செஞ்சுக்கலாம்."

"சோறு தண்ணி இல்லாம செஞ்சியே, அதை விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அவனுக்குப் பழக்கந்தானம்மா," என்றார் மேஸ்திரி.

தடுக்க எழுந்தாள். அதற்குள் அவன் தலை குழாய்க்குள் மறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்ந்தது. எல்லோருமாக இழுத்தார்கள். பல்லியை மார்போடு அணைத்தபடி, நினைவில்லாமல் வந்தான். விஷவாயு.

பிழைத்துக்கொண்டான். இனிக் குழாய்க்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உன் பல்லி பொழைச்சுதா?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆளை இறக்கக் கூடாதுன்னு செஞ்சதுக்காக உன்னை இறக்கிட்டேனே."

"நீயா இறக்கின? நானாத்தானே போனேன்."

அந்தப் பதில் அவளை ஆற்றவில்லை.

மின்தேக்கிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தாள். ஒன்று போவதற்கு, மற்றது திரும்புவதற்கு மட்டும். முதல் கூட்டம் குறித்த அளவுக்கு இறங்கியதும், யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேட்காமல் பல்லி திரும்பிவிடும்.

"பாதிக் குழாய்தானே போகுது?" என்று மேஸ்திரி முகம் சுளித்தார்.

"மிச்சத்துக்கு அந்தப் பக்கத்து மேன்ஹோல் மூடியைத் திறங்க, அங்கேருந்து விடலாம்."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். அந்த முறை வேலை முடிந்தது, ஒருவரும் இறங்கவில்லை.

தம்பி இப்போது பட்டறையில் திரைக்கு முன் உட்கார்ந்து, பல்லி அனுப்பும் படத்தில் எது வேர், எது துணி என்று பார்த்துச் சொல்கிறான். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் முன்னால் போகிற அவளும் நின்று, பைக்குள் சாவியைத் தேடுகிறாற்போல் துழாவிக்கொண்டிருப்பாள்.